ஒடுக்கு விழாத அடி

எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் டிங்கரின் வலது கைமேல் ஒரு நம்பிக்கை. இடித்து நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தியதும் சுத்தியலைக் கீழே வைப்பார். உள்ளங்கையைத் துணியில் துடைப்பார். கண்ணை மூடிக்கொண்டு தகரத்தின்மேல் மெதுவாகத் தடவுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. வண்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இன்னும் ஒடுக்கு இருக்கு" என்றால் இருக்கிறது. "ஒண்ணும் இல்லை" என்றால் இல்லை, அதற்கு அப்பீல் கிடையாது. கண்ணை வெயில் ஏமாற்றும், பெயிண்ட் ஏமாற்றும், கையை ஏமாற்ற எவனும் பிறக்கவில்லை என்பது அவர் கட்சி. கொஞ்சம் தலைக்கனம் பிடித்த கட்சிதான். ஆனால் தொழிலில் அவர் கை தோற்று நாங்கள் பார்த்ததில்லை.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். அவர் மனைவி இரண்டு தெரு தள்ளியிருக்கிற பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறார். விடிவதற்குள் போனால் மதியம்தான் வருவார், தலைமுடியில் மாவும் முழங்கையில் தட்டு சுட்ட தழும்புமாக. இரண்டு பெண்கள். சின்னவளுக்கு ரேடியோ என்று பெயர், வாய் மூடாததால். பெரியவள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியின் கோல் கீப்பர். அவளைத் தெருவே பூட்டு என்று கூப்பிடும். அவள் நின்றால் கோல் பூட்டியாயிற்று என்று அர்த்தம்.

அந்த அணியில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது அடிபட்டு விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க மாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து கை தட்டுவார்கள். மெதுவாக ஆரம்பித்து வேகமாகும். தட்டி முடிப்பதற்குள் விழுந்தவள் தானாக எழுந்துவிட வேண்டும். அணிக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் கொண்டுவந்த பழக்கம் இது. பெண்பிள்ளைகள் தொட்டதற்கெல்லாம் அழுவார்கள் என்று முதல் வருடம் ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் இந்தக் கைதட்டல். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் செய்கிற காரியத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுதான் வம்பு.

அரையிறுதி ஆட்டத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தில் புல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கடைசிக் கட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு தனியாகப் பாய்ந்து வந்தாள். பூட்டு அவள் காலடியில் விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டாள். வந்த வேகத்தில் அவள் முழங்கால் பூட்டின் காதுக்கு மேலே இடித்தது. கைதட்டல் ஆரம்பித்தது. பாதியிலேயே பூட்டு எழுந்துவிட்டாள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு நேராக எதிரணியின் கோலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஒருத்தி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். மைதானமே சிரித்தது. மிச்ச நேரமும் நின்றாள். கோல் விழவில்லை. ஜெயித்தோம்.

அன்று சாயங்காலம் மாஸ்டரே அவளைத் தன் வண்டியில் பட்டறைக்குக் கூட்டி வந்தார்.

"அண்ணே, பொண்ணு தலையில ஒரு இடி வாங்கிட்டா. எதுக்கும் நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனல்."

டிங்கர் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். பட்டறையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மகளை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடி, நெற்றியிலிருந்து பிடரிவரை தடவினார். காதுக்கு மேலே இரண்டு முறை தடவினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா."

"வீக்கம் இல்லை, மேடு பள்ளம் ஒண்ணும் இல்லை. ஒரு ஒடுக்குகூட விழலை மாஸ்டர். என் பொண்ணு மண்டை லாரி பம்பர்."

எல்லாரும் சிரித்தோம். டிங்கரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன. மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். பட்டறைச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த பெண் பூட்டு. அப்பா சுத்தியல் அடிக்க அடிக்க, தகரத் தடுப்பில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவள். திங்கட்கிழமை மதியம் அம்மா வேலை முடிந்து வந்தபோது, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டு, தலையணையை இரண்டு காதிலும் அழுத்திப் படுத்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே வந்துவிட்டாளாம். கேட்டால் தூக்கம் என்றாள். பேக்கரியிலிருந்து கொண்டுவந்த ரொட்டியின் மொறுமொறு முனைகளுக்கு அக்காளும் தங்கையும் எப்போதும் அடித்துக்கொள்வார்கள். அன்று பூட்டு அதைத் தொடவில்லை. அதைவிட ஆச்சரியம், பள்ளிக்கூடம் விட்டு வந்த ரேடியோ பேசவில்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அம்மா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், துவைக்கிற கல்லில் உட்காரவைத்தார்.

"என்னடி, ஸ்டேஷன் மூடியிருக்கு?"

"ஒண்ணும் இல்லையே."

"உன் வாயில ஒண்ணும் இல்லையேன்னு ஒரே வார்த்தை வந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம். சொல்லு."

"சத்தியம் பண்ணியிருக்கேம்மா."

"யார்கிட்ட?"

"அக்காகிட்ட. சொன்னா அவ ஃபைனல்ல ஆட முடியாது. நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும்."

"சரி, நீ சொல்ல வேணாம். நான் கேக்குறேன், நீ தலையை மட்டும் ஆட்டு. வாந்தி எடுத்தாளா?"

ரேடியோ தலையை ஆட்டினாள். உடனே அழுகை வந்துவிட்டது. அழுகையோடு பேச்சும் வந்தது, அணை உடைந்த மாதிரி.

"நேத்தும் எடுத்தா, இன்னைக்குக் காலையிலயும் எடுத்தாம்மா. தண்ணி ஊத்திக் கழுவிட்டா. மேட்ச்ல யாரு ஜெயிச்சாங்கன்னு என்கிட்ட கேட்டா. நாமதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அதையே கேட்டா. விளையாட்டுக்குக் கேக்குறான்னு நினைச்சேன். அப்புறம் மறுபடியும் கேட்டா. புஸ்தகத்தைத் திறந்தா எழுத்து நீந்துதாம். அக்காவுக்கு என்னம்மா ஆச்சு?"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். பயமாக இருந்தது. பயத்தோடு கோபமும் வந்தது. நேராகப் பட்டறைக்குப் போனார்.

டிங்கர் ஒரு வேனின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மூட்டை ஏற்றுகிற பழைய வேன், மரத்தில் மோதி வந்தது.

"சுத்தியலைக் கீழ வைங்க."

"இன்னும் நாலு தட்டு."

"வைங்கன்னு சொன்னேன்."

வைத்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். டிங்கர் முகம் சுண்டிப்போனது, ஆனாலும் கட்சியை விடவில்லை.

"நான் கை வச்சுப் பாத்தேனே. ஒண்ணும் இல்லையே. வெயில்ல ஆடினது. பித்தமா இருக்கும்."

"ரொட்டி மேல நல்லா செவந்து வரும். பிச்சுப் பாத்தா நடுவுல பச்சை மாவு இருக்கும். நான் தினம் பாக்குறேன். மேல தடவிப் பாத்து என்ன தெரியும் உங்களுக்கு?"

"அதுக்குன்னு தலையைப் பிச்சா பாக்க முடியும்?"

"பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட போவோம். கிளம்புங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவில் பூட்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழல் விளக்கில் கண் கூசியதை மறைக்கத் தரையைப் பார்த்தாள். காட்டிக்கொடுத்த தங்கையைக் கிள்ளிவிட முடியாத கோபம் வேறு. உள்ளே அறையில் இருந்த டாக்டர் நடுவயதுப் பெண். நிதானமாகப் பேசினார். வருடத்தின் மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார். ஆகஸ்ட் வந்ததும் பூட்டு நின்றுவிட்டாள். ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். கோல் கம்பத்துக்குக் கம்பம் பறக்கிற பெண், தடுமாறிச் சுவரைப் பிடித்தாள்.

"மயக்கம் போட்டு விழுந்தாளா?" டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க, உடனே எந்திரிச்சுட்டா." டிங்கர் சொன்னார். "நானும் தடவிப் பாத்தேன் டாக்டர். வீக்கமே இல்லை."

"மயக்கம் போடணும்னு அவசியம் இல்லை. வீக்கமும் இருக்கணும்னு இல்லை. மண்டை ஓடு அப்படியே இருக்கும், உள்ள மூளை குலுங்கிப் போயிருக்கும். இதை மூளை அதிர்ச்சின்னு சொல்வோம். ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்கா, அதனால ஒரு ஸ்கேன் எடுத்துடுறேன், ரத்தக் கசிவு இருக்கான்னு பாக்கணும். ஆனா ஸ்கேன் நல்லா வந்தாலும் அதிர்ச்சி இல்லைன்னு ஆகாது. அது ஸ்கேன்லயே தெரியாது."

"அப்ப எதுலதான் தெரியும்?"

"இவ சொன்னாத் தெரியும்." டாக்டர் பூட்டைப் பார்த்தார். "தலை வலிக்குதா?"

"இல்லை."

"வெளிச்சம் கூசுதா?"

"இல்லை."

டாக்டர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். பூட்டின் தோள் தளர்ந்து இறங்கியதை அம்மா பார்த்தார்.

"உனக்கு வலிக்குதுன்னு உன்னைத் தவிர வேற யாருக்கும் தெரியாதும்மா. என் மெஷினுக்கும் தெரியாது. நீ பொய் சொன்னா நான் தோத்துடுவேன்."

பூட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்கேனில் கசிவு எதுவும் இல்லை. ஆனாலும் ஃபைனல் கிடையாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, சின்ன அடியா இருந்தாலும் போதும், மூளை தாங்காது. உயிருக்கே ஆபத்து. முதல்ல ஓய்வு. அப்புறம் நடை, அப்புறம் மெதுவா ஓட்டம், அப்புறம் தனியா பந்து. கடைசியிலதான் மேட்ச். எந்தப் படியில தலை வலிச்சாலும் நின்னுடணும். வலி கூடிக்கிட்டே போனாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, எழுப்பினா எந்திரிக்கலைன்னாலோ யோசிக்காம இங்க தூக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் பூட்டு வெடித்தாள். ஆனால் வெடித்தது அம்மாவிடம் இல்லை.

"அப்பா, நீங்க கை வச்சுப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்கல்ல? எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. உங்க கை தப்பு சொல்லுமா?"

டிங்கர் தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் கையைத் தப்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

"டாக்டர் சொல்லிட்டாங்கம்மா," என்று மட்டும் முனகினார்.

"அப்ப டாக்டரையே அப்பான்னு கூப்பிடுறேன்," என்றாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

மறுநாள் எங்கள் தெருவில் ஒரு விசித்திரம். சுத்தியல் சத்தம் இல்லை. டிங்கர் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டி பூசினார், காயவைத்தார், மறுபடி தேய்த்தார். தட்ட வேண்டிய வேலை எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டார். வேன்காரர் வந்து குதித்தார்.

"என்ன அண்ணே, மூட்டையெல்லாம் அங்க கெடக்கு. ரெண்டு தட்டு தட்டிக் கொடுத்தா எடுத்துட்டுப் போயிடுவேன்."

"தட்ட மாட்டேன்."

"ஏன், கையில அடியா?"

"பொண்ணு தூங்குறா. சத்தம் ஆகாது."

"எவ்வளவு நாளைக்குத் தூங்குவா?"

"தூங்குறவரைக்கும். அவசரம்னா வேற பட்டறை இருக்கு, தள்ளிட்டுப் போங்க. நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

வேன்காரர் முனகிக்கொண்டே போனார், வண்டியை விட்டுவிட்டுத்தான். ஒரு வாரம் தெருவே காது அடைத்த மாதிரி இருந்தது. மகள் பேசாவிட்டாலும் மனிதர் விடவில்லை. ரேடியோவுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார், தெருவில் எவனாவது ஹாரன் அடித்தால் ஓடிப்போய்ச் சண்டை போட வேண்டும். அதை அவள் மனதாரச் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் வந்தார். அம்மா உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மோசமான மனிதர் இல்லை அவர். காலணி இல்லாத பிள்ளைகளுக்குத் தெருத் தெருவாகப் போய்ப் பழைய காலணி சேர்த்தவர்.

"அக்கா, அஞ்சு வருஷமா இந்த ஒரு மேட்சுக்காகத்தான் நாய் மாதிரி அலைஞ்சேன். பூட்டு இல்லாம ஃபைனலா? நெட்டைதான் நிக்கணும். அவ நல்ல பொண்ணுதான், ஆனா இதுவரைக்கும் பெஞ்சுலயே உக்காந்தவ."

"நிக்கட்டும்."

"முதல் பாதி மட்டும் அனுப்புங்க. தலையில பந்து படாம பாத்துக்குறேன்."

"எப்படிப் பாத்துப்பீங்க மாஸ்டர்? பந்துகிட்ட சொல்லி வச்சிருக்கீங்களா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் இல்லாததுக்கு ரொம்பப் பயப்படுறீங்களோன்னு தோணுது. அண்ணனே கை வச்சு..."

"அவரு கை வச்சாரு. இப்ப நான் கால் வச்சிருக்கேன் வாசல்ல. என்னைத் தாண்டி அவ மைதானத்துக்குள்ள போக மாட்டா. உங்க ஃபைனல் அடுத்த வருஷமும் வரும். எனக்கு இவ ஒருத்திதான் பெரியவ."

மாஸ்டர் டிங்கரைப் பார்த்தார். டிங்கர் கையில் இருந்த உப்புத்தாளைப் பார்த்தார். உள்ளே போர்வை தொங்கிய அறையில் பூட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஃபைனலுக்கு வருவேன் என்று அடம் பிடித்தாள். பெஞ்சில் உட்கார மட்டும் என்றாள். டாக்டரிடம் கேட்டார்கள். தலைவலி குறைந்திருந்தால், வெயிலில் இல்லாமல், கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றார். அம்மா பேக்கரியில் லீவு சொல்லிவிட்டு, குடையோடு அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், ஜெயில் வார்டன் மாதிரி. பூட்டு தன் கையுறையைத் தானே கழற்றி நெட்டைக்கு மாட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியதை நெட்டை பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள். டிங்கர் ரேடியோவோடு பார்வையாளர் கூட்டத்தில், கயிற்றுக்குப் பின்னால் நின்றார்.

மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. காற்று புழுதியை வாரி அடித்தது. நெட்டை நன்றாகவே ஆடினாள். ஆளுக்கொரு கோல் என்று ஆட்டம் நின்றிருந்தது. இரண்டாம் பாதியில் மூலையிலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. நெட்டை அதைக் குத்தித் தள்ள எம்பினாள். எங்கள் அணிப் பெண் ஒருத்தியும் அதே பந்தைத் தலையால் முட்ட எம்பினாள். இரண்டு தலையும் மோதிய சத்தம் பெஞ்சுவரை கேட்டது. அந்தப் பெண் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தாள். நெட்டை மல்லாந்து கிடந்தாள்.

பெஞ்சு கை தட்ட ஆரம்பித்தது. மெதுவாக, பிறகு வேகமாக. நெட்டை புரண்டு முட்டி போட்டாள். ஒரு கையை ஊன்றினாள். கட்டை விரலைத் தூக்கப் பார்த்தாள். அவள் முகம் பெஞ்சைப் பார்க்கவில்லை, யாருமில்லாத வெறும் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தது.

பூட்டு எழுந்தாள்.

"நிறுத்துங்க. கை தட்டாதீங்க."

பழக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டு அவர்கள் கையைப் பிடித்துப் பிரித்துவிட்டாள். பிறகு மைதானத்துக்குள் இறங்கினாள். அம்மா தடுக்கவில்லை. "ஓடாதடி, நட," என்று மட்டும் பின்னாலிருந்து சொன்னார். நடந்தாள். நெட்டை பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"எந்திரிக்காத."

"எந்திரிச்சுட்டேன் பாரு."

"எந்திரிக்காதன்னு சொல்றேன். படு. தலையை அசைக்காத."

"எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும்."

நெட்டை படுத்தாள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரு கூட மேட்ச்?" என்று கேட்டாள். பூட்டின் முகம் வெளிறிப்போனது. ஒரு வாரமாகத் தங்கை தன்னைப் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நடுவர் வந்தார். மாஸ்டர் ஓடிவந்தார். கயிற்றுப் பக்கம் திரும்பி, "அண்ணே, ஒரு நிமிஷம் வாங்க. கை வச்சுப் பாருங்க. பெருசா ஒண்ணும் இல்லைன்னா ஆடட்டும்," என்றார்.

கூட்டம் டிங்கருக்கு வழிவிட்டது. டிங்கர் வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் கைக்குத் தகரம்தான் தெரியும் மாஸ்டர். தலை தெரியாது. எம் பொண்ணு தலையில கை வச்சு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்ல, அது தப்பு. எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன், எல்லார் முன்னாடியும் இப்ப சொல்றேன். அது பெரிய தப்பு. இந்தப் பொண்ணை வெளிய எடுங்க. அந்த இன்னொரு பொண்ணையும்தான்."

மாஸ்டர் நெட்டையைப் பார்த்தார், பிறகு ஸ்கோர் பலகையைப் பார்த்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றி நெட்டையின் கண்ணில் புழுதி படாமல் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரையும் மாத்துங்க," என்று நடுவரிடம் சொன்னார்.

கையுறை போட்டே பழக்கமில்லாத ஒருத்தி கோலில் நின்றாள். நாங்கள் தோற்றோம்.

அதைப் பார்க்க அவர்கள் இருக்கவில்லை. கழுத்தைத் திருப்பக் கூடாது என்று முதலுதவிக்காரர் சொன்னபடி, நெட்டையை ஒரு பலகையில் வைத்து வேனுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மூட்டை வேன்தான். வாரம் முழுக்க நகர முடியாமல் கிடந்த வண்டியை, சக்கரத்தில் இடித்த தகரத்தை மட்டும் வளைத்துவிட்டு, வேன்காரரிடம் கேட்டு அன்று அவசரத்துக்கென்று டிங்கர் ஓட்டி வந்திருந்தார். பக்கவாட்டில் பாதி பட்டி, பாதி ஒடுக்கு. அடிபட்ட இன்னொரு பெண் பின்னால் அம்மா மடியில் சாய்ந்துகொண்டாள். மாஸ்டரும் ஏறினார், மிச்ச ஆட்டத்தை உதவிக்கு இருந்தவரிடம் விட்டுவிட்டு. ரேடியோ கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பூட்டு நெட்டையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் நெற்றியின் இரண்டு பக்கமும் கையை அணைவாக வைத்துக்கொண்டாள். டிங்கர் வண்டியைக் கிளப்பினார். அவசரத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். மைதான வாசல் மேட்டில் வண்டி தூக்கிப் போட்டது.

"அப்பா."

ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த அந்தக் குரலுக்கு டிங்கர் சட்டென்று பிரேக் போடவில்லை, மெதுவாகத்தான் வேகத்தைக் குறைத்தார்.

"என்னம்மா?"

"மெதுவா ஓட்டுங்க. அவளுக்கு வலிக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கும் தலை வலிக்குதுப்பா."